உடன் வந்தவர் கட்டம்

மார்ச் 2

மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். அம்மாவும் நலம். இது சொந்தக் கடிதம் இல்லை, வேலைக் கடிதம். அப்படியே படிக்கவும்.

ஆஸ்பத்திரி லேப்பில் ரசீது கவுண்டரில் இருக்கிறேன். சோதனைக்கு இரத்தம் கொடுக்க வருகிறவருக்கு ஒரு ரசீது அடித்துத் தர வேண்டும். அதைக் காட்டினால்தான் மாலையில் முடிவு கிடைக்கும். எங்கள் பிரிண்டர் ஊசியால் குத்திக் குத்தி எழுதுகிற பழைய வகை. ஆஸ்பத்திரியின் பெயர், முகவரி, கோடு, கட்டம், அடியில் ஆறு வரி நிபந்தனை, எல்லாவற்றையும் ஒவ்வொரு ரசீதிலும் அதுவே அடிக்கிறது. ஒரு ரசீதுக்கு ஐம்பது விநாடி. ஆளுக்கு ஆள் மாறுவது ஆறே விஷயம்: எண், தேதி, பெயர், வயது, சோதனை, நேரம். காலையில் வெறும் வயிற்றோடு முந்நூறு பேர் நிற்கிறார்கள். போன வாரம் இரண்டு பேர் வரிசையிலேயே மயங்கி விழுந்தார்கள்.

மாறாததை எல்லாம் அச்சகத்தில் முன்பே அடித்து வைத்துக்கொண்டால், பிரிண்டர் அந்த ஆறை மட்டும் அடித்தால் போதும். பத்து விநாடி. கண்காணிப்பாளரிடம் சொன்னேன். "ஏப்ரல் பதினஞ்சுக்குள்ள வரிசையைக் குறைச்சுக் காட்டும்மா. இல்லன்னா கவுண்டரையே வெளி ஆளுங்ககிட்ட குடுத்துடறேன்" என்றார். கொடுத்தால், தற்காலிக ஆளான நான்தான் முதலில் வீட்டுக்குப் போவேன். காட்டினால் வேலை நிரந்தரம்.

ஓரத்தில் துளை போட்ட தொடர் தாளில் அச்சடிக்கும் மெஷின் இந்த ஊரில் யாரிடமும் இல்லை. உங்களிடம் இருப்பதாக அம்மா சொன்னாள். அதனால் எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

மாதிரி வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். கோடுகள் மெல்லிசாக, வெளிர் நீலத்தில் இருக்கட்டும். நான் எழுதியது மட்டும் போதும். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
லேப் ரசீதுப் பிரிவு

*

மார்ச் 6

என் அருமை மருமகள் சில்வண்டுக்கு மாமன் எழுதுவது.

ரசீதுப் பிரிவு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். எனக்கு அந்தப் பெயரில் மருமகள் யாரும் கிடையாது. எனக்கு ஒரே அக்கா. அவளுக்கு ஒரே மகள். தொட்டிலில் கிடந்து அவள் போட்ட சத்தத்தில் மூன்று தெரு தாண்டி நாய்கள் ஊரைக் காலி செய்தன. அதனால் நான் வைத்த பெயர் சில்வண்டு. கையெழுத்தை அடுத்த தடவை திருத்திக்கொள்.

உன் கடிதத்தைக் கொண்டு வந்த தபால்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். நாலு வருஷமாக என் பெயருக்கு ஒரு துண்டுச் சீட்டும் கொண்டு வராத மனுஷர். "என்னங்க, யாராவது மந்திரி எழுதியிருக்காரா?" என்றார். "மந்திரி என்னய்யா மந்திரி, என் மருமக!" என்றேன். தொப்பியைக் கழற்றிவிட்டார். தொப்பி போடவில்லை என்று நீ சொல்லலாம். போட்டிருந்தால் கழற்றியிருப்பார்.

படிவம் அடிக்கச் சரியான ஆளைப் பிடித்தாய். நம் அச்சகத்தில் முதலாளி என்று ஒருவர் இருக்கிறார். பெயருக்குத்தான். என்னைக் கேட்காமல் அவர் தும்ம மாட்டார். ஒரு கப்பல் கம்பெனிக்கு நான் அடித்துக் கொடுத்த சரக்குச் சீட்டைப் பார்த்துவிட்டு அதன் கேப்டன், "இதுல எழுதிக் கெடுக்க எனக்கு மனசு வரலை" என்று சொல்லி, ஒன்றும் எழுதாமலே கப்பலை எடுத்துக்கொண்டு போனான். அந்தக் கப்பல் இன்றுவரை திரும்பவில்லை. அது வேறு விஷயம்.

படிப்பைப் பற்றி யாராவது கேட்டால் தைரியமாகச் சொல். உன் மாமன் ஐந்தாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். ஐயிரண்டு பத்து. ஆகப் பத்தாம் வகுப்பு.

உன் மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மழித்த தலை மாதிரி மொட்டையாக இருக்கிறது. அதனால் நான் சுற்றிலும் ஒரு பூங்கொடி ஓட விட்டிருக்கிறேன். தலையில், "உங்கள் இரத்தமே எங்கள் பெருமை" என்று ஒரு வாசகம். சொந்தச் சரக்கு. வெளிர் நீலக் கோடு சோகை பிடித்தவன் மாதிரி இருக்கும், ஆஸ்பத்திரிக்கு ஆகாது. கறுப்பில் கம்பீரமாகப் போட்டிருக்கிறேன். வயதுக்குக் கீழே ஒரு புதுக் கட்டம்: "உடன் வந்தவர்". நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது.

நான் வரைந்ததை இதோடு அனுப்புகிறேன். ஸ்கேலைத் தொடவில்லை. கண்ணளவு. பருந்துக்கே என் கண்ணைக் கடன் கொடுக்கலாம்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.

உன் மாமன்

*

மார்ச் 11

மாமாவுக்கு,

பூங்கொடி வேண்டாம். வாசகம் நிச்சயமாக வேண்டாம். இரத்தம் எடுக்கப் பயந்து நிற்கிறவர் கையில் அதைக் கொடுத்தால் ஓடிவிடுவார். "உடன் வந்தவர்" கட்டமும் வேண்டாம். நாங்கள் அதைக் கேட்பதே இல்லை.

நான் ஏன் நாலு வருஷம் எழுதவில்லை என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல மனிதர்கள். எனக்கும் பிடித்திருந்தது. என் வேலையைப் பற்றி அவர்கள் கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள், "எங்க பொண்ணுக்குக் கீழ பன்னிரண்டு பேர் வேலை பாக்கறாங்க. அவ கையெழுத்துப் போடலன்னா ஆஸ்பத்திரி கதவே திறக்காது" என்றீர்கள். அவர்கள் மறுநாள் ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பிரிண்டருக்குத் தாள் மாட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "வேலை சின்னதுங்கறது எங்களுக்குப் பெருசில்லம்மா. பொய் ஏன் சொன்னீங்க?"

அதோடு சம்பந்தம் நின்றது. அந்தப் பொய்யை நான் சொல்லவில்லை மாமா. அந்தப் பதில் என்னுடைய இடம். அதை நீங்கள் நிரப்பினீர்கள்.

படிவம் என்பதே அதுதான். நீங்கள் அச்சடிக்க வேண்டியதை அச்சடியுங்கள். காலியாக விட வேண்டியதைக் காலியாக விடுங்கள். அதற்குரிய ஆள் வந்து நிரப்பிக்கொள்வார்.

கொடியையும் வாசகத்தையும் எடுத்துவிட்டு ஆயிரம் தாள் அடித்து அனுப்புங்கள். நாள் குறைவு.

(கையெழுத்தைத் திருத்த நேரமில்லை.)

லேப் ரசீதுப் பிரிவு

*

மார்ச் 16

சில்வண்டுக்கு,

கொடியை வேரோடு பிடுங்கிவிட்டேன். வாசகத்தையும் எடுத்துவிட்டேன். கட்டிங் மெஷினில் இருக்கிற நம் ஆள், "என்ன அண்ணே, நல்லா இருந்துச்சே!" என்று வருத்தப்பட்டார். கண் கலங்கினார் என்றே சொல்லலாம். கொஞ்சம் ஜலதோஷமும் இருந்தது அவருக்கு.

"உடன் வந்தவர்" கட்டத்தை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. காரணம் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பெரிய மனுஷர். ஊரில் நல்ல பெயர். போன வருஷம் ஏதோ காரியமாக ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார், தனியாக. ஒரு நர்ஸ் கையில் சீட்டை வைத்துக்கொண்டு, "கூட யாருங்க வந்திருக்காங்க?" என்று கேட்டாள். அவர், "பன்னிரண்டு பேர் வந்திருக்காங்க, வெளிய டீ குடிக்கறாங்க" என்றார். "யாராவது ஒருத்தரைக் கூப்பிடுங்க, அவங்க வந்தாத்தான் மேல பாக்க முடியும்" என்றாள் அவள். மனுஷர் எழுந்து, கூப்பிட்டுக்கொண்டு வருகிறேன் என்று வெளியே வந்தார். அப்படியே பஸ் ஏறிவிட்டார்.

அந்தச் சீட்டில் ஒரு கட்டம் இருந்திருந்தால், அவள் வாய்விட்டுக் கேட்டிருக்க மாட்டாள். அவரும் பேசாமல் காலியாக விட்டிருப்பார். அதற்காகத்தான் சொல்கிறேன். கேள்வியை விடக் கட்டம் மரியாதையானது.

மற்ற விஷயம், நீ எழுதியிருந்தது, படித்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

ஆயிரம் தாளும் இருபத்துநாலாம் தேதி பஸ்ஸில் ஏறும்.

மாமன்

*

மார்ச் 27

மாமாவுக்கு,

பெட்டி வந்தது. இன்று காலை மாட்டினேன்.

எண் அதன் கட்டத்தில் விழுந்தது. தேதி கோட்டின் மேல் உட்கார்ந்தது. பெயர் பாதி வெளியே. வயது அப்படியே இறங்கி உங்கள் "உடன் வந்தவர்" கட்டத்துக்குள் போய்விட்டது. சோதனையின் பெயர் நேரத்தின் இடத்தில், நேரம் நிபந்தனைகளின் தலையில். போதாததற்கு உங்கள் கறுப்புக் கோடு தடியாக ஓடுவதால் அதன் மேல் விழுந்த எழுத்து எதுவும் தெரியவில்லை.

எழுபத்திரண்டு வயதுத் தாத்தா ஒருவர் ரசீதை வாங்கி எட்டப் பிடித்துப் படித்துவிட்டு வரிசையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "என் கூட எழுபத்திரண்டு பேர் வந்திருக்காங்களாம்! வீட்ல ஒருத்தர் எழுந்து ஒரு வாய் தண்ணி குடுக்கலை!" வரிசை முழுக்கச் சிரித்தது. பின்னால் நின்ற அம்மா, "எனக்கு அறுபத்திநாலுங்க, உங்களை விடக் கம்மிதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கண்காணிப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. "பதினஞ்சாம் தேதி மாறாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பழைய தாளையே திரும்ப மாட்டினேன். வரிசை பன்னிரண்டரைக்கு முடிந்தது.

தப்பு இதுதான். பிரிண்டர் ஒரு அங்குலத்துக்குச் சரியாக ஆறு வரி அடிக்கும். கூடவும் அடிக்காது, குறையவும் அடிக்காது. கட்டங்கள் அதற்கு ஏற்ற மாதிரி, கட்டத்துக்கு இரண்டு வரி வீதம் இருக்க வேண்டும். உங்கள் கட்டம் ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டர் குறைகிறது. முதல் கட்டத்தில் தெரியாது. நாலாவதில் ஆளையே மாற்றிவிடுகிறது. நீங்கள் அனுப்பிய வரைபடத்தை மெஷினில் ஓட்டிப் பார்க்காமல் ஆயிரம் அடிக்கச் சொன்னது என் தப்பு. அதை உங்கள் மேல் போட மாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். முப்பது வருஷம் அச்சகத்தில் இருப்பவர் ஏன் ஸ்கேலைத் தொடவில்லை?

இதோடு ஒரு தாள் இருக்கிறது. பிரிண்டரிலேயே அடித்தது. மேலிருந்து கீழாக இருபத்துநாலு வரிக்கும் எண் போட்டிருக்கிறேன். இதன் மேல் வைத்துக் கோடு போடுங்கள். அளக்கவே வேண்டாம்.

மருமகள்

*

மார்ச் 31

சில்வண்டுக்கு,

மருமகள் என்று கையெழுத்து வந்துவிட்டது. ஆயிரம் தாள் வீணானாலும் பரவாயில்லை. முதலாளியிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவர் என்னைப் பார்த்து, "இது நம்ம அச்சகமா, காகிதக் கடையா?" என்று அன்போடு விசாரித்தார்.

ஸ்கேலைப் பற்றிக் கேட்டாய். பெரிய சமையற்காரன் உப்பை அளந்தா போடுகிறான்? அவ்வளவுதான். மெஷினில் ரப்பர் உருளை கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. காற்றில் ஈரமும் அதிகம். தாள் சுருங்கியிருக்கும். ஆயிரம் காரணம்.

உன் தாள் வந்தது. ஆனால் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. என் கௌரவத்துக்குக் கொஞ்சம் பெரிய எழுத்தாக, ஒவ்வொரு வரியின் மேலும் மூன்று தடவை அழுத்தி அடித்து இன்னொன்று அனுப்பு. உடனே அனுப்பு.

வெளிர் நீல மை கைவசம் இருக்கிறது என்று கட்டிங் மெஷின்காரர் டப்பாவைப் பார்த்துச் சொல்கிறார்.

மாமன்

*

ஏப்ரல் 3

மாமாவுக்கு,

அழுத்தி அடித்து அனுப்பியிருக்கிறேன். மூன்று தடவை இல்லை, ஐந்து தடவை. விரலால் தடவினாலே தெரியும்.

உங்கள் கட்டத்தை எடுக்கச் சொல்லப் போவதில்லை. வாதாட நேரமில்லை. அந்த வரியைத் தாண்டி அடிக்கும்படி மெஷினுக்குச் சொல்லிவிட்டேன். காலியாகவே கிடக்கட்டும்.

பதினைந்தாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இந்தப் பன்னிரண்டு நிஜப் பன்னிரண்டு.

மருமகள்

*

ஏப்ரல் 9

சில்வண்டுக்கு,

பெட்டி இன்று காலைப் பஸ்ஸில் ஏறிவிட்டது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலேயே வைத்திருக்கிறது.

இந்தத் தடவை எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். உன் தாளைக் கண்ணாடி மேல் ஒட்டி, அடியில் விளக்கை வைத்தேன். இரட்டைப் படை எண் வரிகளை விரலால் தடவித் தடவி, இரண்டு பக்கமும் குண்டூசியால் குத்தினேன். ஊசிக்கு ஊசி நூல் கட்டி, நூலின் மேல் கோடு. கட்டிங் மெஷின்காரரைக் கூப்பிட்டு, "எண்ணிச் சொல்லுய்யா" என்றேன். அவர் ஸ்கேல் வைத்து அளந்து, "அண்ணே, மயிரிழை பிசகலை" என்றார். எனக்கு அவரை நம்ப வேண்டியிருந்தது. நம்பினேன். பத்துத் தாள் அடித்து, உன் தாளோடு பொருத்தி, அவரையே பார்க்கச் சொன்னேன். அதன் பிறகுதான் மீதியை ஓட்டினேன்.

இதில் கப்பல் கேப்டன் யாரும் இல்லை. நடந்தது இவ்வளவுதான்.

மற்ற விஷயம். பிறகு எழுதுகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்த நாலு தாள் குப்பைக்குப் போயிற்று. நாலிலும் என் பக்கத்துக்குக் கொடி ஓட விட்டிருந்தேன். இது ஐந்தாவது.

அன்றைக்கு அவர்கள் உன்னைக் கேட்டார்கள். பதில் சொன்னது நான். உன் வேலை சின்னது என்று நான்தான் நினைத்தேன். நீ நினைக்கவில்லை. அவர்களும் நினைக்கவில்லை. என் தப்பு.

மாமன்

*

ஏப்ரல் 16

மாமாவுக்கு,

நேற்று காலை ஆறரைக்கே மாட்டிவிட்டேன். முதல் ரசீது வெளியே வந்ததும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். "என்னம்மா, பேரு தப்பா?" என்றார். "இல்லைங்க, சரியா இருக்கு. அதான் பாக்கறேன்" என்றேன்.

எண் எண்ணில். தேதி தேதியில். வயது வயதில். நீலக் கோட்டுக்கு நடுவே ஒவ்வொரு எழுத்தும் பல் வரிசை மாதிரி. ஒரு ரசீதுக்கு ஒன்பது விநாடி. பிரிண்டருக்கே நம்ப முடியவில்லை போலிருக்கிறது. அடித்து முடித்துவிட்டுச் சும்மா நின்றது. ஒன்பதே கால் மணிக்கு வரிசையில் ஆள் இல்லை. கண்காணிப்பாளர் வந்து, "இன்னிக்குக் கூட்டமே வரலையா?" என்று கேட்டார். முந்நூற்றுப் பத்துப் பேர் வந்து போய்விட்டார்கள் என்று எண்ணைக் காட்டினேன். பிரிண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெறும் நாற்காலிகளைப் பார்த்தார். "நாளைக்கு ஆபீஸுக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா" என்றார். இன்று போட்டேன். எனக்குக் கீழே பன்னிரண்டு பேர் இல்லை. ஸ்டூலுக்குப் பதில் நாற்காலி கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் நல்லா இருக்கு. அது என்ன ஒரு கட்டம் மட்டும் காலியாவே இருக்கு?"

"அச்சகத்துல அப்படித்தான் அடிச்சாங்க" என்றேன். ஆனால் எனக்குத் தெரியும் மாமா.

எனக்குத் தெரிந்த வரையில், யாராவது கேட்டால் பன்னிரண்டு பேர் என்று சொல்கிற பெரிய மனுஷர் இந்த உலகத்தில் ஒருவர்தான். வெளிர் நீலம் கண்ணுக்குத் தெரியாதவர் தடிக் கறுப்பில் கோடு போடுவார். ஸ்கேலின் கோடு தெரியாதவர் கண்ணளவு என்பார். எழுத்தை அழுத்தி அடிக்கச் சொல்வார், மை டப்பாவின் பெயரை இன்னொருவரைப் படிக்கச் சொல்வார், ஊசி குத்தி விரலால் எண்ணுவார். உங்கள் போன கடிதத்தில் இரண்டாவது பக்கத்தில் ஒரு வரியின் மேலேயே இன்னொரு வரியை எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைச் சன்னலில் வைத்துப் படித்தேன். "என் தப்பு" என்று இருந்தது.

அதை வரவு வைத்துக்கொண்டேன். எங்கள் ஆஸ்பத்திரிக் கண் டாக்டரிடம் உங்களுக்கு நாள் வாங்கிவிட்டேன். ரசீது இதோடு இருக்கிறது. நீங்கள் அடித்த தாள், நான் அடித்த எழுத்து. பெரிய எழுத்தில், ஐந்து தடவை அழுத்தி.

எண்: 1
தேதி: ஏப்ரல் 28
பெயர்: என் மாமா
வயது: ஐம்பத்தெட்டு (குறைத்துச் சொல்லக் கூடாது)
உடன் வந்தவர்: மருமகள்
சோதனை: கண், இரண்டும்
நேரம்: காலை 8.00

சில்வண்டு

*

ஏப்ரல் 20

சில்வண்டுக்கு,

ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். முதலாளி பார்த்தார், தபால்காரர் பார்த்தார், கட்டிங் மெஷின்காரரை மூன்று தடவை படிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை அவருக்கு ஜலதோஷம் இல்லை.

வயதில் ஒன்று கூட்டியிருக்கிறாய். ஐம்பத்தேழுதான். போகட்டும், அடித்ததைத் திருத்தினால் தாள் கெடும்.

ஒரு வருஷமாக வலது கண்ணில் புகை மாதிரி. இடது கண்ணில் அதன் தம்பி. யாரிடமும் சொல்லவில்லை. மெஷினைத் தொட விடமாட்டார்கள் என்று பயம். இப்போது உன்னிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பார்த்தால், இவ்வளவு சின்ன விஷயத்துக்கா பஸ் ஏறி ஓடினேன் என்றிருக்கிறது.

இருபத்தேழாம் தேதி மாலை ஐந்தரைக்கு வருகிற பஸ்ஸில் வருகிறேன். அக்காவிடம் சொல், அவள் எத்தனை திட்டினாலும் நான் பதில் பேச மாட்டேன். இரண்டு திட்டு வரைக்கும்.

நீ பஸ் நிலையத்துக்கு வா. எவ்வளவு கூட்டத்திலும் உன்னைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று எழுதி, அடித்துவிட்டேன். நீதான் என்னைக் கண்டுபிடிக்க வேண்டும். நான் இறங்கின இடத்திலேயே நிற்கிறேன்.

உன் மாமன்